மடியிலே கத்தி, மனத்திலே அச்சம்

"மடியிலே கத்தி இருக்கிறது, இனி எவன் வந்தாலும் ஒரு கை பார்க்கலாம்!" - இப்படி எண்ணுகின்ற இளைஞர்கள் நம் தோழர்களிடையே இருக்கிறார்கள். சிலர் மறைவாக வைத்திருக்கிறார்கள். சிலர் டீக்கடையிலே எடுத்து விரித்து, மடக்கி, நண்பர்களுக்குக் காட்டவும் செய்கிறார்கள். அவர்களில் பலர் நம்மிடம் கேட்பதும் உண்டு: "எந்தக் கத்தி நல்லது? எதைப் பையில் வைத்துக்கொள்ளலாம்?"

கேள்வியைக் கேட்டவுடனே, "சீ! இது என்ன பேச்சு!" என்று முகம் சுளிக்கும் பெரிய மனிதர்களின் கூட்டத்தில் நாம் இல்லை. மாளிகையிலே உறங்குகிறவருக்கு வாயிற் காவலன் உண்டு. காரிலே போகிறவருக்குக் கண்ணாடியும் கதவும் உண்டு. இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவிலே சைக்கிளில் திரும்பும் தொழிலாளிக்கு என்ன உண்டு? வெளியூர்க் கூட்டம் முடிந்து, கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, இருட்டிலே நடந்து வருகிற தொண்டனுக்கு என்ன உண்டு? பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போகிறவனை மாற்றான் மடக்கினால், அவனுக்குத் துணை யார்? அவன் அஞ்சுவதிலே தவறில்லை. அஞ்சுகிறவன் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள விரும்புவதும் இயற்கையே.

ஆகவே, கேள்விக்குப் பதில் சொல்லுவோம். பட்டறைத் தோழர் ஒருவர் கருவி வாங்கும்போது என்ன பார்க்கிறார்? பளபளப்பையா பார்க்கிறார்? இந்த வேலைக்கு இது ஆகுமா, கைக்கு அடங்குமா, வேலை நடுவிலே காலை வாருமா என்றல்லவா பார்க்கிறார்! அதே கண்ணோடு, மடியிலே வைத்துக்கொள்ளும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பேனாக் கத்தி. பென்சில் சீவலாம், நூல் அறுக்கலாம், மாங்காய் நறுக்கலாம். நல்ல சாமான்தான். ஆனால் அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். எதிரி உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்குகின்ற நேரத்திலே, "சற்றுப் பொறு, தம்பி! நகம் மாட்டவில்லை" என்றா சொல்ல முடியும்? திறந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. சாதாரண மடக்குக் கத்திக்குப் பூட்டு கிடையாது. முதுகிலே ஒரு வில் மட்டுமே அலகைத் தாங்கி நிற்கிறது. குத்துகிற வேகத்திலே முனை எலும்பிலோ பெல்ட் பட்டையிலோ இடறினால் அலகு மடங்கும். எங்கே மடங்கும்? பிடித்திருப்பவன் விரல் மேலேதான்!

பூட்டு உள்ள கத்தி, பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்கிற கத்தி ஆகியவை இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் ஊர்க் கத்தி, இந்திப் படங்களின் வில்லன் கையிலே "சடக்"கென்று திறந்து நாடெங்கும் பெயர் பெற்றது. 2023இல் அந்த ஊரார் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியைச் செய்து நாற்சந்தியிலே நிறுத்தியும் வைத்தார்கள். சினிமாவிலே அது திறந்தவுடன் எதிரிகள் ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார்; ஓடுகிறார்கள். தெருவிலே நம்மை மடக்குகிறவனுக்கு டைரக்டர் இல்லை. அவன் ஓடாமல் நின்றால்? அவன் கையிலும் ஒன்று இருந்தால்? அல்லது, நாம் எடுத்ததையே அவன் பிடுங்கிக்கொண்டால்?

அடுத்தது சூரியும் பிச்சுவாவும். மடக்க வேண்டியதில்லை, உறையிலிருந்து உருவினால் போதும். ஆனால் இவற்றிலே பெரும்பாலானவற்றுக்குப் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைத் தடுத்து நிறுத்தும் குறுக்குக் கட்டை இல்லை. வியர்வை படிந்த கை, குத்தும் வேகத்திலே வழுக்கி அலகின் மேலே ஏறும். அடுத்தவனைக் குத்தப் போய்த் தன் உள்ளங்கை கிழிந்து ஆஸ்பத்திரி வாயிலிலே நிற்கிற பேர்வழிகள் உண்டு. அங்கே டாக்டருக்கு முன்னால் போலீசார் கேள்வி கேட்பார்கள்.

பட்டறைத் தோழர்கள் சிலர் தாமே செய்துகொள்வதும் நமக்குத் தெரியும். பழைய ஹாக்சா பிளேடைச் சாணைக்கல்லிலே தீட்டித் துணி சுற்றிக்கொள்வார்கள். தேய்ந்த அரத்தைக் கூராக்கிக்கொள்வார்கள். வேலைத்திறனை மெச்சலாம், சாமானை மெச்ச முடியாது. அரம் என்பது இரும்பைத் தின்னும்படி கடினப்படுத்திய எஃகு. கடினம் மிகுந்தால் முறியும் குணமும் மிகும் என்பது அவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கவாட்டிலே ஒரு நெருக்கு நெருக்கினால் படாரென்று உடையும்.

சாவிகளை விரலிடுக்கிலே வைத்து முஷ்டியை மடக்கிக் குத்தலாம் என்று ஒரு யோசனை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. குத்திப் பார்க்க வேண்டாம். சுவரிலே மெல்ல அழுத்திப் பாருங்கள். சாவி எதிரிக்குள் போவதற்கு முன்னால் பின்பக்கமாகச் சரிந்து நம் விரல் நரம்பையும் உள்ளங்கையையும் பதம் பார்க்கும். பாக்குவெட்டி, கோணி ஊசி, ஸ்குரூ டிரைவர், மூட்டை தூக்கும் கொக்கி - இவையெல்லாம் தொழிலுக்கு உரியவை. தொழில் செய்யும் இடத்திலே இருந்தால் கருவி. திருவிழாக் கூட்டத்திலே இடுப்பில் இருந்தால் அவற்றின் பெயரே மாறிவிடும். சைக்கிள் செயினைப் பற்றியும், பழைய நாள் மேடைகளை நோக்கிப் பறந்த சோடா பாட்டிலைப் பற்றியும் நாம் எழுதப் போவதில்லை. அவை தற்காப்புச் சாமான்கள் அல்ல, காலிகளின் சாமான்கள்.

இத்தனையும் சில்லறைக் குறைகள். பெருங்குறை ஒன்று உண்டு. கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பேசுவதே இல்லை.

கத்தி, தாக்குகிறவனைத் தடுத்து நிறுத்துகிற கருவி அல்ல. குத்துப்பட்டவனுக்கு அந்தக் கணத்திலே பல நேரம் குத்துப்பட்டதே தெரிவதில்லை. வெறியிலோ போதையிலோ இருப்பவனுக்குக் கேட்கவே வேண்டாம். அவன் கை ஓங்கியபடியே இருக்கும். அவன் அடி விழுந்துகொண்டே இருக்கும். சண்டை அங்கேயே நிற்காது. ஆனால் ஐந்து நிமிடம் கழித்து அவன் சரிந்து விழுவான். தொடையின் உட்புறத்திலே ஓடுகிற பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால், ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் உயிர் போய்விடும். "பயமுறுத்தத்தான் லேசாகக் கீறினேன்" என்று நம் பையன் அழுவான். இருட்டிலே, இருவரும் புரளுகின்ற நேரத்திலே, லேசாக எது, ஆழமாக எது? வேண்டிய நேரத்திலே நிறுத்தாது. வேண்டாத நேரத்திலே கொன்றுவிடும். இப்படி ஒரு ஸ்பானர் இருந்தால் எந்த மெக்கானிக்காவது கையில் எடுப்பானா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதிலே நம் தோழர்களிடையே தவறான எண்ணங்கள் பல உண்டு.

தற்காப்பு உரிமை சட்டத்திலே இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதுச் சட்டத்தில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. (பெயரைக் கூட நம் நாவுக்கு வராத மொழியிலே வைத்திருக்கிறார்கள், அது தனிக்கதை.) தன் உடலைக் காக்கவும், பிறர் உடலைக் காக்கவும், உடைமையைக் காக்கவும் ஒருவன் எதிர்த்து நிற்கலாம். உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். அடி விழுகின்ற நேரத்திலே தராசு பிடித்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்களும் எதிர்பார்ப்பதில்லை. 2010இல் தர்சன் சிங் வழக்கிலே உச்சநீதிமன்றம் இந்த நெறிகளை எல்லாம் தொகுத்துச் சொல்லியிருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 37ஆவது பிரிவு, தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேலே ஊறு செய்யக் கூடாது என்கிறது. போலீசாரை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை என்கிறது. 40ஆவது பிரிவு, அச்சம் இருக்கும் வரையிலே உரிமை என்கிறது. அச்சம் நீங்கிய அந்த நொடியிலே உரிமையும் நீங்குகிறது. ஓடுகிறவனைத் துரத்திக் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. பர்சைக் கேட்டு நின்ற வெறுங்கையனைக் குத்தினால், தேவையான அளவு என்று எப்படி மெய்ப்பிப்பது? கையாலே தள்ளியிருந்தால் வழக்கே இல்லை. கத்தி எடுத்ததனாலே கொலை வழக்கு!

இன்னொன்று. "ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த கத்திக்குச் சட்டம் கிடையாது" என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். இது அரை உண்மை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை நீங்கலாக, ஆயுத விதிகளின் பட்டியலிலே வைத்திருக்கிறார்கள். எந்தெந்த இடத்திலே அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதை அரசு அறிவிக்கும். அதனால் எட்டரை அங்குலக் கத்தியோடு எங்கும் உலவலாம் என்று பொருளல்ல. டில்லியிலே 1980இல் வந்த அறிவிக்கை ஒன்று, பொத்தானால் திறக்கும் கத்தி போன்றவற்றில் 7.62 செண்டிமீட்டர் நீளமும் 1.72 செண்டிமீட்டர் அகலமும் இருந்தாலே போதும் என்று வரம்பைக் குறுக்கிவிட்டது. அதாவது மூன்று அங்குலம்! வேலை தேடி வடக்கே போகும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும், நள்ளிரவிலே சட்டைக்குள் கத்தியோடு பிடிபட்டவனை முன்னெச்சரிக்கைக் கைது, நன்னடத்தைப் பிணை என்று அலைக்கழிக்கப் போலீசாருக்கு வழிகள் பல உண்டு.

திருப்பாச்சேத்தி அரிவாள் விவசாயக் கருவிதானே என்று கேட்கலாம். ஆமாம், தென்னந்தோப்பிலே அது விவசாயக் கருவி. சட்டைக்குள் முதுகோடு சொருகிக்கொண்டு பஸ் ஏறினால், எந்தத் தேங்காயைப் பறிக்கப் போகிறாய் என்று கேட்பார்கள். அந்த ஊர்க் கொல்லர்களின் கைவண்ணத்துக்கு இப்படி ஒரு கெட்ட பெயரைச் சினிமா வாங்கிக் கொடுத்துவிட்டது என்ற வருத்தம் நமக்கு உண்டு.

இந்த இடத்திலே மானமுள்ள தோழர் ஒருவர் கேட்பார்: "வெள்ளைக்காரன் நம்மை நிராயுதபாணியாக்க 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான், தன் இனத்தானுக்கு விலக்குக் கொடுத்துக்கொண்டான். அந்த அடிமைத்தனம் இன்னும் வேண்டுமா? சீக்கியர் கிர்ப்பான் வைத்துக்கொள்ள அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறதே! நமக்கு ஏன் இல்லை?" என்று.

நியாயமான கேள்விதான். 1931இல் கராச்சியிலே கூடிய காங்கிரசு, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளிலே சேர்த்துத் தீர்மானம் போட்டது. விடுதலை வந்த பின், 1948 டிசம்பரிலே அரசியல் நிர்ணய சபையில் அதைச் சேர்க்கத் திருத்தம் வந்தபோது, ஏற்க மறுத்தவர் யார் தெரியுமா? அண்ணல் அம்பேத்கர்! ஒடுக்கப்பட்டவர் படும் அடி என்ன என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த உரிமை எல்லாருக்கும் என்று வந்தால், அதை முதலிலே விலை கொடுத்து வாங்கக் கூடியவன் யார்? சேரியிலே இருப்பவனா, பண்ணையிலே இருப்பவனா? இது நாம் கேட்கும் கேள்வி. கத்திக்குக் கத்தி என்று இறங்கினால் நம்மிடம் பேனாக் கத்தி இருக்கும். அவனிடம் துப்பாக்கியும் லைசென்சும் இருக்கும்.

கீழ்வெண்மணியை மறந்துவிட்டோமா? 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் கருகின. கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே இரவிலே நிலச்சுவான்தார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதற்காகத் தொழிலாளர் தரப்பிலே ஆயுள் தண்டனை வரை விழுந்தது. ஏழை கையிலே உள்ள இரும்பின் எடை, நீதிமன்றத் தராசிலே எத்தனை மடங்காக ஏறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதற்கும் முந்தியது 1921. சென்னை பி. அண்டு சி. மில் வேலைநிறுத்தம். நிர்வாகத்தை எதிர்த்து நின்றிருக்க வேண்டிய தொழிலாளர்கள் சாதியாலே பிளவுபட்டு, புளியந்தோப்பிலே ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டார்கள். குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு மாதத்திலே போலீசாரின் துப்பாக்கியும் வெடித்தது. வேலைநிறுத்தம் தோற்றது. மில் முதலாளியின் சட்டையிலே ஒரு நூல் கூட அறுபடவில்லை. தொழிலாளி மடியிலே ஆயுதம் சேர்ந்தால் அது போய்ப் பாய்கிற இடம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தொழிலாளியின் வயிறுதான். தெருக்குழாயடித் தகராறு, சீட்டாட்டம், பழைய கடன், பெண்ணைப் பற்றிய ஒரு சொல் - இவைதான் பையிலே உள்ள கத்தியை வெளியே இழுக்கின்றன. வழிப்பறிக்காரனுக்காக வாங்கிய கத்தி, மைத்துனன் மேலே பாய்ந்த கதை ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்று உண்டு.

கட்சிக்காரருக்கு இதிலே தனிக் கவலையும் உண்டு. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு, கூட்டம் கூடும் உரிமையை நமக்குத் தருகிறது. எப்படித் தருகிறது? "அமைதியாகவும் ஆயுதமின்றியும்" கூட என்று தருகிறது. பத்தாயிரம் பேர் ஊர்வலத்திலே ஒருவன் இடுப்பிலே கத்தி இருந்தால், பத்தாயிரம் பேரின் உரிமைக்கும் அவன் ஓட்டை போடுகிறான். சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட்டால், ஆயுதம் வைத்திருந்தவனுக்கு இரண்டு ஆண்டு வரை. கலகம் என்றால் ஐந்து ஆண்டு வரை. அதோடு போகாது. கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றத்துக்கு, அந்தக் கூட்டத்திலே இருந்த ஒவ்வொருவனும் பொறுப்பு என்கிறது 190ஆவது பிரிவு. கொடி பிடித்தவனும் உள்ளே. கோஷம் போட்டவனும் உள்ளே! மறுநாள் பத்திரிகைகளிலே நம் கோரிக்கை வராது. மேசை மேலே பரப்பிய கத்தியின் படம் வரும். கூலி உயர்வைப் பற்றி நாம் பேசிய இரண்டு மணி நேரப் பேச்சை மூன்று அங்குல இரும்பு விழுங்கிவிடும். கங்காணிகள் வேறு என்ன கேட்கிறார்கள்?

அப்படியானால் வெறுங்கையோடு போய் அடி வாங்குவதா? இல்லை.

சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நம்மவர் பலருக்குத் தெரியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், எது ஆயுதம் என்று சொல்லிக்கொண்டே வந்து, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை ஆயுதம் ஆகா என்று விலக்குகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என்ன தெரியுமா? தடியும், சாதாரணக் கைத்தடியும்! பெரியார் கையிலே கடைசி வரை இருந்ததும் ஒரு தடிதான்; ஊன்றி நடக்கவே இருந்தது என்றாலும், அதைக் கண்டு நடுங்கியவர் உண்டு. கிராமப் பாதையிலே இரவு நடக்கிறவருக்குத் தோளுயரக் கம்பு போதும். நாயும் விலகும், பாம்பும் விலகும், கை ஓங்குகிறவனும் ஒரு கம்பு தூரத்திலே நிற்பான். கத்திக்கோ, அவன் நம் மூச்சுக் காற்றுப் படும் தூரத்துக்கு வர வேண்டும். சிலம்பம் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஊர்களிலே இருக்கிறார்கள். அவர்களிடம் மாலையிலே அரை மணி நேரம் நிற்கலாம். பட்டணத்திலே கம்போடு பஸ் ஏற முடியாது. வளைந்த பிடியுள்ள நீளக் குடை ஏறும். ஆனால் ஒன்று: ஊர்வலத்துக்குத் தடியும் வேண்டாம். தனி வழிக்கு ஊன்றுகோல். கூட்டத்தின் நடுவே அதுவே ஆயுதம் என்று எழுதப்படும்.

இருட்டுக்கு நல்ல பேட்டரி லைட். கண்ணிலே நேராக அடித்தால் எதிரே நிற்பவனுக்குச் சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. அந்தச் சில விநாடிகள் ஓடுவதற்குப் போதும். ஓடுவது கோழைத்தனம் என்று நினைக்கிறவர், பிள்ளைகள் வீட்டிலே காத்திருப்பதை நினைத்துக்கொள்ளட்டும். செல்போனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாதத் தவணையிலே வாங்கியதுதான், வயிறு எரியும். ஆனால் அதற்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண் தோழர்கள் இரவு வேலைக்குப் போகிறபோது பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்க வேண்டும். எதிர்க்காற்றிலே நம் கண்ணுக்கே திரும்பி வரும். மிளகாய்ப் பொடிக்கும் இதே சங்கடம்.

எல்லாவற்றையும் விட மலிவானது ஊதல். ஒரு ஊதல் சத்தத்துக்கு நாலு வீட்டு விளக்கு எரியும். வழிப்பறிக்காரன் கத்திக்கு அஞ்சுவதைக் காட்டிலும் விளக்குக்கு அஞ்சுகிறான்.

பிறகு, நம் தோளிலே கிடக்கும் துண்டு. தோளிலே துண்டு போடும் உரிமைக்கே ஒரு காலத்தில் நம்மவர் அடிபட வேண்டியிருந்தது. அந்தத் துண்டை இடது முன்கையிலே நாலு சுற்றுச் சுற்றினால், கத்தியோடு வருகிறவனின் வெட்டை ஓரளவு தாங்கும். அதை விடப் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. யாருக்காவது குத்துப்பட்டால், துண்டை மடித்துக் காயத்தின் மேலே வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்துங்கள். நனைந்துவிட்டதே என்று எடுத்துப் பார்க்காதீர்கள். மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கத்தி உடம்பிலேயே நின்றுவிட்டால் அதைப் பிடுங்கக் கூடாது. இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். ஒருவர் 108க்கும் இன்னொருவர் 112க்கும் பேசட்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். கத்தி வீசக் கற்கிறவர்கள் எத்தனையோ மாலைகளைச் செலவழிக்கிறார்கள்.

கிளைச் செயலாளர்களுக்கு நாம் சொல்வது இது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நோட்டீசு அடிக்கும்போதே, தொண்டர் படைக்கு ஊதல் நான்கு, பேட்டரி லைட் இரண்டு, சுத்தமான துணி ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். தொண்டர்களின் பையையும் மடியையும் வெளியார் சோதிப்பதற்கு முன்னால் நீங்களே சோதியுங்கள். கூட்டம் முடிந்ததும் மூவர் நால்வராகச் சேர்த்து அனுப்புங்கள். தனிவழி போக வேண்டியவர்களின் பெயரையும் செல்போன் எண்ணையும், தலைவர் முடிவுரைக்கு எழும்போதே ஒரு தாளிலே எழுதிக்கொண்டு, அரை மணி கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வீடு சேர்ந்தாரா என்று கேளுங்கள். கத்தி ஒன்று வேண்டியிருக்கும். தோரணக் கயிறு அறுக்க. அதைப் பந்தல்காரரே கொண்டுவருவார்.